மென்ஷன் முடிந்ததும் ஓடிவிடாதீர்கள்: சிங்கப்பூர் கிரிமினல் வக்கீல்களின் நேரடித் தொடர்புகள்

கிரிமினல் வழக்குக்கு வக்கீல் தேடும் குடும்பம் நேராகக் கிரிமினல் வக்கீலிடம் வருவது குறைவு. மகனை இரவோடு இரவாகக் கண்டோன்மென்ட் போலிஸ் வளாகத்துக்குக் கூட்டிப்போய்விட்டார்கள் என்றால், அப்பா முதலில் கூப்பிடுவது வீடு வாங்கியபோது ஆவணம் பார்த்த வக்கீலை. இல்லாவிட்டால் தங்கையின் மணவிலக்கை நடத்திக்கொடுத்தவரை. 48 மணி நேரத்துக்குள் மகனை நீதிபதி முன் நிறுத்தியாக வேண்டும் என்பதால் குடும்பத்துக்கும் நின்று யோசிக்க நேரமில்லை. அந்த வக்கீல், “நான் கிரிமினல் பார்ப்பதில்லை, ஒருவர் பெயர் சொல்கிறேன்” என்பார். சொல்லப்போகும் பெயர் அவர் நேரில் பார்த்துப் பழகிய ஒருவருடையதாகத்தான் இருக்கும். ஆகவே சொத்து, குடும்பம், வேலையிடக் காய இழப்பீடு பார்க்கும் வக்கீல்கள் பத்துப் பேரையாவது முகம் தெரிந்து வைத்திருப்பது, கிரிமினல் வக்கீல்கள் ஐம்பது பேரைத் தெரிந்து வைத்திருப்பதைவிடத் தொடக்கத்தில் அதிகம் உதவும்.

இரண்டாவது வழி போட்டியாளர்கள். ஒரு கலவர வழக்கில் ஐந்து பேர் மாட்டுகிறார்கள். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டும் நிலை வந்தால் ஒரே வக்கீல் ஐவருக்கும் நிற்க முடியாது. 2015ஆம் ஆண்டின் தொழில் நடத்தை விதிகள் இடம் கொடுக்காது. முதலாமவருக்காக வந்த வக்கீலிடமே மற்ற நால்வரின் வீட்டாரும் “உங்களுக்குத் தெரிந்த நல்ல லாயர் யாராவது சொல்லுங்கள் சார்” என்று நிற்பார்கள். அப்போது அவர் யாரைச் சொல்வார்? தன் கட்சிக்காரரை வம்புக்கு இழுக்காமல், தன் வேலையை ஒழுங்காகச் செய்பவரை. அந்த மதிப்பீட்டை அவர் நீதிமன்றத்தில் உங்களை ஓரக்கண்ணால் பார்த்தே செய்திருப்பார்.

அப்படிப் பார்க்கப்படும் வாய்ப்புதான் இப்போது சுருங்கிவிட்டது. 2020க்குப் பிறகு பல மென்ஷன்களும் (வழக்கின் நிலையைப் பார்த்து அடுத்த தேதி குறிக்கும் சிறு அமர்வுகள்) பிடிசிகளும் (விசாரணைக்கு முந்தைய கலந்துரையாடல்கள்) ஸூமுக்குப் போய்விட்டன. முன்பெல்லாம் முறை வரும்வரை ஒரே பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும், அந்தக் காத்திருப்பிலேயே பாதிப் பேர் பழக்கமாகிவிடுவார்கள். இப்போது மூன்று வருடம் வேலை செய்த இளையவருக்குக் கேமராச் சதுரங்களாக மட்டுமே மூத்தவர்களைத் தெரிகிறது. நேரில் போக வேண்டிய நாள்களை வீணாக்காமல் இருப்பதுதான் இதற்கு வழி. அரசு நீதிமன்றம் இருக்கும் ஹேவ்லாக் ஸ்குவேரில் 9 மணிக்கு மென்ஷன் என்றால் 8.30க்கே போய்விடுங்கள். முடிந்ததும் உடனே சைனாடவுன் எம்ஆர்டிக்கு ஓடாமல் அரை மணி நேரம் இருங்கள். வெளியே நின்று ஃபோனைத் தடவுவதைவிட, பக்கத்துக் கோர்ட்டில் விசாரணை நடந்தால் பின்வரிசையில் போய் உட்காருவது மேல். பெரும்பாலான விசாரணைகள் திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கின்றன. இடைவேளையில் மூத்தவரிடம் போய், “சார், உங்கள் குறுக்கு விசாரணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த விசாரணை அதிகாரியின் முதல் வாக்குமூலத்தை ஏன் கடைசிவரை வைத்திருந்தீர்கள்?” என்று ஒரே ஒரு கேள்வி. வேலை சம்பந்தமான கேள்வியை யாரும் தொல்லையாக நினைப்பதில்லை. “உங்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருக்கிறேன் சார்” என்று தொடங்கும் பேச்சுத்தான் மூன்றாவது வாக்கியத்தில் நின்றுபோகும்.

ஆனால் உண்மையான தொடர்பு வளரும் இடம் வேறு. “எனக்காக ஒரு மென்ஷன் பார்க்க முடியுமா?” என்ற உதவிதான் இந்த வட்டத்தின் நாணயம். உச்ச நீதிமன்றத்தில் ஒரு மேல்முறையீடு, அரசு நீதிமன்றத்தில் ஒரு மென்ஷன், இரண்டும் ஒரே காலையில் வந்தால் இன்னொருவரை அனுப்பித்தான் ஆக வேண்டும். கேட்பதிலும் செய்துகொடுப்பதிலும் ஆள் எப்படிப்பட்டவர் என்பது தெரிந்துவிடும்.

கேட்பவர் முந்தின நாள் மாலைக்குள் ஒரே செய்தியில் எல்லாவற்றையும் அனுப்ப வேண்டும். கட்சிக்காரர் பெயர், வழக்கு எண், எந்தக் கோர்ட், எத்தனை மணி. எத்தனை குற்றச்சாட்டுகள், எந்தச் சட்டப்பிரிவு. பிணைத் தொகை எவ்வளவு, பிணையாளர் வருகிறாரா. டிபிபி (அரசுத் தரப்பு வழக்கறிஞர்) யார். போன முறை என்ன நடந்தது, இந்த முறை என்ன கேட்க வேண்டும். “ரெப்ஸ் அனுப்பி மூன்று வாரமாகிறது, பதில் வரவில்லை, இன்னும் நான்கு வாரம் வேண்டும்” என்ற அளவுக்குத் தெளிவாக. (ரெப்ஸ் என்பது குற்றச்சாட்டைக் குறைக்கவோ கைவிடவோ கேட்டு அரசுத் தரப்புக்கு எழுதுவது.) எந்தத் தேதிகள் உங்களுக்கு ஆகாது. கட்சிக்காரரின் கைப்பேசி எண். காலை எத்தனை மணிவரை உங்களைக் கூப்பிட்டால் எடுப்பீர்கள். குற்றச்சாட்டுத் தாளின் நகல் கூடவே போக வேண்டும். “சும்மா அட்ஜர்ன்மென்ட்தான், போய் நில்லுங்கள்” என்று காலை 8.40க்குச் செய்தி அனுப்புபவருக்கு இரண்டாவது முறை யாரும் போய் நிற்பதில்லை.

கோளாறுகள் எங்கே வரும் என்பது ஓரளவு முன்கூட்டியே தெரிந்ததுதான். கட்சிக்காரருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தெரியாத முகம் தனக்காக எழுந்து நிற்பதைப் பார்த்து மிரண்டு, நீதிபதி ஏதோ கேட்டதும் தானே பதில் சொல்லத் தொடங்கிவிடுவார். ஆகவே முந்தின நாளே அவரைக் கூப்பிட்டு, இன்னார் வருவார், நான் இல்லை, நீங்களாக எதுவும் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று சொல்லி, விவரங்களை அவரிடம் பகிர்ந்துகொள்ளச் சம்மதமும் வாங்கிவிடுங்கள். அடுத்தது, அன்றைக்கென்று பார்த்து டிபிபி புதிய குற்றச்சாட்டுகளைத் தாக்கல் செய்து பிணைத் தொகையை உயர்த்தக் கேட்பார். போய் நிற்பவருக்கு எந்தத் தொகைவரை குடும்பத்தால் முடியும் என்பதே தெரியாது. அந்த நேரத்தில் சமாளித்துப் பேசுவது தவறு. வழக்கைச் சற்று நேரம் ஒத்திவைக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்து உரிய வக்கீலைக் கூப்பிட வேண்டும். மூன்றாவது, குற்றத்தை ஒப்புக்கொள்ளும் நாளை இன்னொருவரிடம் ஒப்படைப்பது. அதைக் கேட்கவும் வேண்டாம், ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். வழக்கு விவரத் தாளில் ஒரு வரியைக் கட்சிக்காரர் அங்கே நின்று மறுத்தால், கோப்பை முழுதாகப் படிக்காதவர் என்ன செய்வார்?

செய்துகொடுப்பவருக்கு ஒரே விதி. கோர்ட்டைவிட்டு வெளியே வந்த பத்து நிமிடத்துக்குள் செய்தி அனுப்புங்கள். அடுத்த தேதி, நேரம், கோர்ட், எதற்காக, பிணை அப்படியே தொடர்கிறதா, டிபிபி சொன்ன வார்த்தை என்ன. “ஆச்சு, நாலு வாரம்” என்பது போதாது. இந்த ஒரு செய்தியின் தரத்தை வைத்தே பல மூத்தவர்கள் இளையவர்களை எடைபோடுகிறார்கள் என்பது எங்கள் கணிப்பு. இதற்குக் காசு பேசாமல் கைம்மாற்றாக வைத்துக்கொள்வதே நல்லது. இரண்டு முறை கேட்டுவிட்டால், மூன்றாவது முறை கேட்பதற்குமுன் நீங்கள் ஒன்று செய்துகொடுத்திருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. கோப்பை அனுப்புவதற்குமுன் பெயர்களை மட்டும் அனுப்புங்கள்: குற்றம் சாட்டப்பட்டவர், கூட்டாளிகள், புகார் கொடுத்தவர். எதிர்முனையில் இருப்பவர் தம் கோப்புகளில் தேடிப் பார்த்து “பிரச்சினை இல்லை” என்று சொன்ன பிறகுதான் விவரம். வரிசை மாறினால், கூட்டாளிக்காக ஏற்கெனவே நிற்கும் வக்கீலின் காதில் உங்கள் கட்சிக்காரரின் கதை விழுந்துவிடும். பிறகு இருவருமே வழக்கைவிட்டு விலக நேரலாம்.

தமிழ் தெரிந்த வக்கீல்களுக்கு இதிலேயே தனிக் கண்ணி ஒன்று உண்டு. சீன, மலாய் நண்பர்கள் கூப்பிட்டு, “என் கட்சிக்காரர் தமிழ் மட்டும்தான் பேசுவார், அரை மணி நேரம் வந்து மொழிபெயர்த்துக் கொடுக்க முடியுமா?” என்பார்கள். நல்ல மனத்தோடு போய் உட்கார்ந்துவிடுவோம். மறுவாரம் அதே சண்டையில் சிக்கிய இன்னொருவரின் அண்ணன் நம்மைத் தேடி வருவார். முதலாமவர் சொன்னது எல்லாம் நம் காதில் இருக்கிறது. இரண்டாமவரை எடுக்க முடியாது. இப்படிப்பட்ட உதவிக்குக் கூலிக்கு வரும் மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டு மூன்று பேரின் எண்களை வைத்திருந்து கொடுப்பதே சரி. புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்துப் பேச்சு புரிகிறவராக இருந்தால் இன்னும் நல்லது. “கைய வச்சுட்டான்” என்று ஒருவர் சொன்னால் அடித்தானா, தொட்டானா, திருடினானா என்பது பேச்சின் போக்கில்தான் தெரியும். அது தெரியாமல் மொழிபெயர்த்தால் குற்றச்சாட்டே மாறிப்போகும். நீதிமன்றத்தின் சொந்த மொழிபெயர்ப்பாளர்களிடம் மட்டும் வணக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர்கள் எந்தத் தரப்புக்கும் உரியவர்கள் அல்ல. நாளை உங்கள் சாட்சிக்கு மொழிபெயர்க்கப்போவதும் அவர்கள்தான்.

அடுத்தது சாப்பாடு. ஹாங் லிம் உணவங்காடி அரசு நீதிமன்றத்திலிருந்து நடக்கும் தூரம். மதியம் அங்கே பாதி மேசைகளில் கறுப்புக் கோட்டு மடித்துவைக்கப்பட்டிருக்கும். சட்டச் சங்கத்துக்குப் போகிற நாள் என்றால் மேக்ஸ்வெல் உணவங்காடி. பழகுவதற்கு ஓட்டல் வரவேற்பறை விருந்துகளைவிட இவை நல்ல இடங்கள். ஆனால் வழக்கைப் பற்றிப் பேச மிக மோசமான இடங்கள். பக்கத்து மேசையில் கோழிச் சோறு சாப்பிடுபவர் புகார் கொடுத்தவரின் மாமாவாக இருக்கலாம், நீதிமன்றச் செய்தியாளராகவும் இருக்கலாம். லிஃப்டிலும் இதே நிலைதான். பெயர் சொல்லாமல் பேசினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தச் சின்ன ஊரில் குற்றச்சாட்டையும் வேலையிடத்தையும் சொன்னாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். பாலியல் வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடத் தடை இருக்கும்போது, “அந்த ஸ்கூல் கேஸ்” என்பதுகூட வேண்டாத வம்பு. சட்டத்தைப் பேசுங்கள், தண்டனை அளவுகளைப் பேசுங்கள், தீர்ப்புகளைப் பேசுங்கள். அதிலேயே மதிய உணவு முடிந்துவிடும்.

டிபிபிகளுடன் பழகுவதில் இளையவர்களுக்கு இரண்டு விதமான தயக்கம். சிலர் எதிரியாகப் பார்த்து முறைப்பார்கள், சிலர் சலுகை கிடைக்கும் என்று குழைவார்கள். இன்றைய டிபிபி நான்கு ஆண்டு கழித்து உங்கள் பக்கத்து அலுவலகத்தில் தற்காப்பு வக்கீலாக இருக்கலாம், அப்படி வந்தவர்கள் இந்த ஊரில் நிறைய. வேண்டியது நம்பகம் மட்டுமே. ரெப்ஸ் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறேன் என்றால் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள். முடியாது என்றால் வியாழக்கிழமையே சொல்லிவிடுங்கள். தாழ்வாரத்தில் கேட்க வேண்டியது “பதில் எப்போது வரும்?” என்ற அளவுதான். குற்றச்சாட்டைக் குறைப்பது பற்றிய பேச்சு எழுத்தில் இருக்கட்டும். பெரிய விபத்து நடப்பது இங்கேதான்: டிபிபி தாழ்வாரத்தில் “பார்க்கலாம், யோசிக்கிறோம்” என்றதை, கோர்ட்டுக்குள் “அரசுத் தரப்பு குறைக்கச் சம்மதித்திருக்கிறது” என்று வக்கீல் சொல்லிவிடுவார். அன்றோடு அந்த டிபிபி உங்களிடம் வாய் திறப்பதை நிறுத்திவிடுவார், அவருடைய சகாக்களும்தான். தவிர, எதிர்த்தரப்போடு இருக்கும் நல்லுறவை நம்பி ஆவணம் கேட்காமல் விட்டுவிடக் கூடாது. கையிலிருக்கும் பயன்படுத்தாத சான்றுகளில் எதை அரசுத் தரப்பு வெளிப்படுத்த வேண்டும் என்பதை 2011ஆம் ஆண்டின் காதார் தீர்ப்பு வகுத்துவைத்திருக்கிறது. சிரித்த முகத்தோடு எழுத்தில் கேளுங்கள்.

நிகழ்ச்சிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஜனவரியில் சட்ட ஆண்டுத் தொடக்கம், சட்டச் சங்கத்தின் கருத்தரங்குகள், 2004இல் சுபாஸ் ஆனந்தன் தலைமையில் தொடங்கிய குற்றவியல் வழக்கறிஞர் சங்கத்தின் கூட்டங்கள் என்று இடங்களுக்குப் பஞ்சமில்லை. முந்நூறு பேர் உட்காரும் அரங்கில் தொடர்ச்சிக் கல்விப் புள்ளிதான் கிடைக்கும், ஆள் கிடைக்க மாட்டார். இருபது பேர் உட்காரும் குறுக்கு விசாரணைப் பயிற்சிப் பட்டறையில் உங்கள் வேலையைப் பக்கத்தில் இருப்பவர் பார்ப்பார். அதைவிட ஒரு படி மேல், இலவசச் சட்ட உதவி அமைப்பான புரோ போனோ எஸ்ஜி நடத்தும் குற்றவியல் சட்ட உதவித் திட்டத்தில் ஒரு வழக்கை எடுப்பது. 1985இலிருந்து நடக்கும் திட்டம் அது. இளையவர்களைத் தூக்கிவிட்டதில் அதன் பங்கு பெரிது. மரண தண்டனை வழக்குகளுக்கான லாஸ்கோ திட்டத்தில் மூத்தவருக்குத் துணையாக நிற்பவர், மாதக்கணக்கில் ஒரே கோப்பை அவரோடு புரட்டுகிறார். அதற்கு ஈடாக எந்த விருந்தும் இல்லை. பெயரட்டை கொடுப்பதானால் சீனப் பெரியவர்களிடம் இரு கைகளாலும், மற்றவர்களிடம் வலது கையாலும் கொடுங்கள். அட்டையில் நேரடிக் கைப்பேசி எண்ணும் பேசும் மொழிகளும் இருக்கட்டும். இத்தனை வழக்கில் வென்றேன் என்று எண்ணிக்கை போடுவது விளம்பர விதிகளோடு மோதும், வாய்ப்பேச்சிலும் அதைத் தவிர்ப்பது நல்லது. வாங்கிய அட்டையின் பின்னால் அன்றிரவே மூன்று விஷயம் எழுதுங்கள்: அவர் எதை எடுப்பார், எதை எடுக்க மாட்டார், எதைப் பற்றிப் பேசினோம். இரண்டு நாளுக்குள், பேசிய விஷயத்தை ஒட்டி ஒரு தீர்ப்பையோ சட்டப்பிரிவையோ அனுப்பினால் போதும். “சந்தித்ததில் மகிழ்ச்சி” என்று மட்டும் அனுப்பும் செய்திக்குப் பதிலாக ஒரு கட்டைவிரல் படம் வரும், அவ்வளவுதான்.

நம் சமூகத்துக்குள் வரும்போதுதான் கூடுதல் எச்சரிக்கை வேண்டியிருக்கிறது. தேக்கா, கோயில் மண்டபம், வெளிநாட்டு ஊழியர் விடுதி என்று சட்ட விழிப்புணர்வுப் பேச்சுக்கு அழைப்பார்கள். போங்கள். போலிஸ் கூப்பிட்டால் என்ன செய்வது, வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடும்முன் தமிழில் படித்துக்காட்டச் சொல்வது எப்படி, பிணையாளர் 21 வயது நிரம்பிய குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு உண்மையிலேயே தேவை. பேச்சு முடிந்ததும் ஒருவர் தன் வழக்கைச் சொல்லத் தொடங்கினால் அங்கேயே கேட்காதீர்கள். சுற்றிலும் சக ஊழியர்கள் நிற்கிறார்கள், அதில் ஒருவர் சாட்சியாகவும் இருக்கலாம். அலுவலகத்துக்கு வரச் சொல்லுங்கள், அல்லது சட்ட உதவிக்கு வழிகாட்டுங்கள். 2022 டிசம்பரில் தொடங்கிய பொதுத் தற்காப்பு அலுவலகம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான் என்பதை நினைவில் வையுங்கள். வேலை அனுமதிச்சீட்டில் இருப்பவரை அங்கே அனுப்பி அலைக்கழிக்கக் கூடாது.

பேச்சு முடிந்து செருப்பு மாட்டும்போது ஒருவர் வந்து நிற்பார். “சார், நம்ம டார்ம்ல ஒரு தம்பி மாட்டிக்கிட்டான். நான் கூட்டிட்டு வர்றேன். எனக்கும் ஏதாவது பார்த்துச் செய்யுங்க.” இதற்குச் சிரித்து மழுப்பினால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார். அங்கேயே சொல்ல வேண்டும்: “தம்பி, அவரை வரச் சொல்லுங்க, பேசறேன். உங்களுக்கு ஒரு வெள்ளிகூடத் தர முடியாது. நீங்களும் அவர்கிட்ட எதுவும் வாங்கக் கூடாது.” வீட்டுக்குப் போனதும் இதையே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள், பின்னால் கேள்வி வந்தால் கையில் இருக்கும். வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 83ஆம் பிரிவு, வழக்குப் பிடித்துக்கொடுத்ததற்காகக் கட்டணத்திலிருந்து பங்கு கொடுப்பதை ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியதாக்குகிறது. வாங்குபவர் விடுதி மேற்பார்வையாளரா, சக வக்கீலா என்று அது பேதம் பார்ப்பதில்லை. தீபாவளிக்கு எல்லோருக்கும் முறுக்கு டப்பா கொடுப்பது வேறு. வழக்கு அனுப்பியவருக்கு மட்டும், வழக்கு வந்த மறுநாள் போகும் உறைக்கு வேறு பெயர்.

அப்படியானால் அனுப்பியவருக்கு என்னதான் திருப்பிக் கொடுப்பது? அவர் அனுப்பியவரை அன்றே கூப்பிட்டுப் பேசுவது. “உங்கள் நண்பரைச் சந்தித்தேன், வழக்கை எடுத்திருக்கிறேன்” என்று கட்சிக்காரரின் அனுமதியோடு ஒரு வரி. அதற்குமேல் வழக்கின் உள்விவரம் எதுவும் அவருக்கும் கிடையாது, அவர் வக்கீலாக இருந்தாலும். சொத்து வக்கீல் அனுப்பிய குடும்பம் பிறகு உயில் எழுத வேண்டும் என்றால், உங்கள் அலுவலகத்தில் அந்தப் பிரிவு இருந்தாலும், “ஏற்கெனவே பார்த்தவரிடமே போங்கள்” என்று சொல்லிவிடுவது. இதைச் செய்பவருக்கு அடுத்த இரவு அழைப்பும் வரும்.

நீங்கள் பிறரிடம் அனுப்பும்போது இரண்டு மூன்று பெயர் கொடுத்து, தேர்வைக் கட்சிக்காரரிடம் விடுங்கள். கட்டணத்தை நீங்கள் ஊகித்துச் சொல்லாதீர்கள். முதலில் அந்த வக்கீலைக் கூப்பிட்டு அந்த வாரம் நேரம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தண்டனைக்குப் பிறகு மேல்முறையீட்டுக்காக வருபவர் என்றால் வேறு எதைக் கேட்பதற்கும் முன்னால் தீர்ப்புத் தேதியைக் கேளுங்கள். மேல்முறையீட்டு அறிவிப்புக்கு 14 நாள்தான். பன்னிரண்டாம் நாள் மாலை வந்தவரிடம் மூன்று பெயர் கொடுத்து அனுப்புவதில் பயனில்லை. அறிவிப்பைத் தாக்கல் செய்யக்கூடிய ஒருவரை அன்றே பிடித்துக் கொடுக்க வேண்டும். பிறகு குற்றச்சாட்டுத் தாள், வழக்கு விவரத் தாள், தண்டனைக் குறைப்பு மனு ஆகிய மூன்றையும் ஒரே உறையில் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

கைப்பேசியில் இருக்கும் பட்டியலை வருடத்துக்கு ஒருமுறை திருத்த நல்ல நேரம் ஏப்ரல். தொழில் அனுமதிச் சான்றிதழ் ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிவதால், நிறுவனம் மாறுபவர்கள், சொந்தமாகத் தொடங்குபவர்கள், தொழிலை விடுபவர்கள் பலரும் அந்தச் சமயத்தில்தான் நகர்வார்கள். இளையர் நீதிமன்றம், போதைப்பொருள், போக்குவரத்து, வெள்ளைக் காலர் குற்றங்கள், தனியார் மனநல மருத்துவர் என்று ஒவ்வொரு வகைக்கும் இரண்டு பேர் இருக்கிறார்களா என்று பாருங்கள். ஒருவர் மட்டும் இருந்தால், அவர் ஏற்கெனவே அந்த வழக்கில் வேறொருவருக்காக நிற்பதால் முரண் வரும் நாளில் உங்களிடம் சொல்ல வேறு பெயர் இருக்காது.